எகிப்தியக் கடவுள்களுக்கு என்ன கலர் அடிப்பது?

உங்கள் எட்டு வயது மகள் பண்டைய எகிப்தியக் கடவுள்களின் கலரிங் புக்கை வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் "இவங்க என்ன கலர்ம்மா?" என்று கேட்கிறாள். இணையத்தில் தேடினால் ஒசைரிஸ் ஒரு படத்தில் பச்சை, இன்னொன்றில் கருப்பு. அமுன் ஒரு படத்தில் நீலம், இன்னொன்றில் செங்காவி. எது சரி, அவளுக்கு என்ன காரணம் சொல்வது, இந்தக் கதைகளில் குழந்தை பயப்படும்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவள் சரியான இடத்தில்தான் கையை வைத்திருக்கிறாள். எகிப்திய ஓவியத்தில் கடவுள்களின் முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். தனி முகச்சாயல் கிடையாது. யார் என்பதைத் தலைமேல் இருக்கும் சின்னம் சொல்லும். எப்படிப்பட்டவர் என்பதை நிறம் சொல்லும். அதனால் "ஒசைரிஸ் ஏன் பச்சை?" என்று கேட்டால், பாதி ஒசைரிஸ் கதையே பதிலாக வந்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கலரைச் சொல்லிவிட்டு நகராமல், காரணத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் அவளே அடுத்த பக்கத்துக்கு ஊகித்துச் சொல்ல ஆரம்பிப்பாள்.

முதலில் பென்சில் டப்பாவிலிருந்து ஆறு நிறங்களை மட்டும் எடுத்து வையுங்கள்: கருப்பு, வெள்ளை, செங்காவி, மஞ்சள், நீலம், பச்சை. எகிப்திய ஓவியனுக்கு அடிப்படை நிறங்கள் இவைதாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் மூன்றாம் அமென்ஹோடெப் அரசரின் பெயர் பொறித்த ஒரு வண்ணத் தட்டு இருக்கிறது. யானைத் தந்தத்தில் செய்தது, நீளம் ஒரு சாண்கூட வராது. அதில் வரிசையாக ஆறு குழிகள், குழிகளில் வண்ணக் கட்டிகள் இன்னும் இருக்கின்றன. நீலம், பச்சை, பழுப்பு, மஞ்சள், சிவப்பு, கருப்பு. சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முன் யாரோ தூரிகையை நனைத்துத் தேய்த்த கட்டிகள். அந்தப் படத்தை மகளுக்குக் காட்டுங்கள். நம் வாட்டர்கலர் டப்பாவுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே தெரியாது.

இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் சொல்ல வேண்டிய விஷயம்தான். சிவப்பும் மஞ்சளும் காவிமண். பளிச்சென்ற மஞ்சள் வேண்டும் என்றால் அரிதாரம் என்ற மஞ்சள் தாது. கருப்பு என்பது புகைக்கரி. வெள்ளைக்குச் சுண்ணாம்பு அல்லது ஜிப்சம். பச்சைக்கு மாலகைட் என்ற செம்புத் தாதுவைப் பொடித்தார்கள். இவற்றைக் கருவேலம் பிசின் போன்ற பசையில் குழைத்து, நுனியை மென்று நார்நாராக்கிய கோரைத்தண்டால் தீட்டினார்கள்.

நீலம் மட்டும் தனிக்கதை. லாபிஸ் லசூலி என்ற நீலக்கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளிலிருந்து வர வேண்டும். சுவர் சுவராகப் பூச அது கட்டுபடியாகாது. அதனால் மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது, கொஞ்சம் உப்புக்காரம் ஆகியவற்றைச் சேர்த்து 900 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீண்ட நேரம் சுட்டு, அவர்களே ஒரு நீலத்தை உருவாக்கினார்கள். மனிதர்கள் செயற்கையாகத் தயாரித்த முதல் வண்ணப்பொடி என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். கொரகொரப்பாக அரைத்தால் அடர்நீலம், நைசாக அரைத்தால் வெளிர்நீலம். ஒரே பொருள்தான். இந்த நீலத்தின் மேல் சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதனால்தான் வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்திலும் ஆய்வாளர்கள் சிறப்புக் கேமராவால் பழைய நீலத் துகள்களைக் கண்டுபிடிக்கிறார்கள்.

சரி, கடவுள்களுக்கு வருவோம்.

ஒசைரிஸுக்குப் பச்சையும் சரி, கருப்பும் சரி. இரண்டுக்கும் வேர் ஒன்றே. நைல் நதி ஆண்டுதோறும் பெருக்கெடுத்து வடியும்போது கரையெங்கும் கரிய வண்டலை விட்டுவிட்டுப் போகும். அந்த வண்டலில்தான் பயிர். எகிப்தியர் தங்கள் நாட்டையே கரிய நிலம் என்றுதான் அழைத்தார்கள். சுற்றியிருந்த பாலைவனம் செந்நிலம். ஆக, அவர்களுக்குக் கருப்பு என்பது வளத்தின் நிறம், செத்தது மறுபடி முளைக்கும் இடத்தின் நிறம். ஒசைரிஸ் கொல்லப்பட்டு, மனைவி இசிஸின் முயற்சியால் மறுபடி உயிர்பெற்று, இறந்தவர்களின் உலகத்துக்கு அரசரானவர். வண்டலின் கருப்பையும் அதில் முளைக்கும் பயிரின் பச்சையையும் அவருக்குக் கொடுத்தது அதனால்தான். முதல் அமென்ஹோடெப் அரசரின் தாய் அஹ்மோஸ்-நெஃபெர்தாரி இறந்தபின் தெய்வமாக வணங்கப்பட்டார். கல்லறைத் தொழிலாளர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா ஊரில் அவருக்கும் கருப்பு மேனிதான் தீட்டினார்கள். அங்கேயும் காரணம் இந்த மறுபிறப்புதான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஒசைரிஸ் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும்தான் பச்சை. உடம்பு மம்மித் துணியால் சுற்றப்பட்டிருப்பதால் வெள்ளை. தலையில் உயரமான வெள்ளைக் கிரீடம், இரண்டு பக்கமும் இறகுகள். கையில் மேய்ப்பனின் வளைகோலும் ஒரு சாட்டையும். மார்பில் பட்டைபட்டையாக அகலமான கழுத்தணி. அதில் நீலம், பச்சை, சிவப்பை மாறி மாறி அடிக்கலாம். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ப்தா என்ற கடவுளும் இதே மாதிரி வெள்ளைத் துணி சுற்றிய உருவம்தான், இவருக்கும் முகம் பச்சை. கலரிங் புக்கில் இவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வது சகஜம். ப்தாவுக்கு உயரக் கிரீடம் இல்லை, மண்டையை ஒட்டிய நீலத் தொப்பி. சிற்பிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் காவல் தெய்வம் அவர். படம் வரைகிற குழந்தைக்கு ஒரு கடவுளை நெருக்கமாக அறிமுகப்படுத்த வேண்டுமானால் நான் ப்தாவைத்தான் சொல்வேன்.

அமுனின் நிறக்குழப்பம் காலம் சம்பந்தப்பட்டது. பழைய சிற்பங்களில் அமுன் மற்ற ஆண் தெய்வங்களைப்போலவே செங்காவி நிறம். அப்புறம் அகெனாட்டென் என்ற அரசர் சூரிய வட்டமான ஆட்டென் ஒன்றையே உயர்த்தி, கோயில் சுவர்களில் இருந்த அமுனின் உருவங்களையும் பெயரையும் வெட்டி எடுக்கச் சொன்னார். அவர் காலம் முடிந்ததும் துட்டன்காமன் தொடங்கி அடுத்தடுத்து வந்த அரசர்கள் அமுனை மறுபடி சுவர்களில் கொண்டுவந்தார்கள். அப்படித் திரும்பிவந்த அமுன் பெரும்பாலும் நீல மேனியோடு வருகிறார். வானத்தின் நிறம், லாபிஸ் கல்லின் நிறம், கண்ணுக்குப் புலப்படாத காற்றைப் போன்றவர் என்று பல விளக்கங்கள் உண்டு. நீல அமுனை அதன் உச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயில். அங்கே ஏழு சன்னதிகள் வரிசையாக இருக்கின்றன, அதில் அமுனுக்கும் ஒன்று. சுவர்களின் வண்ணம் இன்றும் அசத்தும். உங்கள் மகளின் புத்தகத்தில் அமுன் இரட்டை நெட்டை இறகு சூடியவராக இருப்பார். நீலம் அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்க் கண்ணன் மாதிரியா என்று அவள் கேட்டால், பார்வைக்கு அப்படித்தான், ஆனால் இது வேறு நாட்டில் வேறு காரணத்துக்காக வந்த நீலம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் பரவும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

இணையப் படங்கள் முரண்படுவதற்கு இன்னொரு காரணம், நிறங்களே மாறிப்போயிருப்பது. அரிதாரம் வெளிச்சம் பட்டு வெளுக்கும். நீலம் சில இடங்களில் கருத்தோ பச்சையாகவோ திரிந்திருக்கும். கோயில்களுக்குள் பிற்காலத்தில் மூட்டிய தீயின் புகை படிந்து எல்லாமே பழுப்பாகத் தெரியும். எஸ்னா கோயிலில் எகிப்திய அதிகாரிகளும் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018 முதல் புகைக்கரியைத் துடைத்து எடுத்தபோது, வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்த கூரையிலிருந்து சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வான உருவங்கள் வெளிப்பட்டன. எகிப்தியக் கலை என்றாலே மணல் நிறம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று அந்தப் படங்களைப் பார்த்தால் புரியும்.

அனுபிஸுக்கு வருகிறேன். எல்லாக் குழந்தைகளும் முதலில் புரட்டும் பக்கம் இதுதான். நரித்தலை, நிமிர்ந்த காதுகள், கருப்பு. எகிப்தில் கருப்பாக ஒரு குள்ளநரி கிடையாது. அங்கே இருப்பது மணல் நிற விலங்கு. அதைக்கூட 2015-ல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு நரி இல்லை, ஒரு வகை ஓநாய் என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஆக, இந்தக் கருப்பு இயற்கையைப் பார்த்து எடுத்ததல்ல. அனுபிஸ் உடலைப் பதப்படுத்தும் தெய்வம். நேட்ரான் உப்பிலும் பிசினிலும் கிடந்த உடல் கருத்துவிடும். கூடவே ஏற்கனவே சொன்ன வண்டல் கருப்பு, மறுபிறப்பின் கருப்பு. இடுகாட்டைச் சுற்றித் திரிந்து பிணத்தைத் தோண்டும் விலங்கையே இடுகாட்டுக்குக் காவலாக வைத்ததில் எனக்கு ஆழ்ந்த வியப்பு. எதற்கு அஞ்சினார்களோ அதையே கும்பிட்டுத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள்.

1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில் ஓர் அனுபிஸ் சிலை இருக்கிறது. பொன்தகடு போர்த்திய பெட்டியின் மேல் கால் நீட்டிப் படுத்திருக்கும் முழு விலங்கு வடிவம். மரத்தில் செதுக்கிக் கருப்புப் பூசியது. காதின் உட்பக்கம் பொன், நகங்கள் வெள்ளி. உடம்பைச் சுற்றி ஒரு லினன் துணி போர்த்தியிருந்தார்கள். உங்கள் மகள் அனுபிஸை முழுக்கக் கருப்பாக அடித்துவிட்டு "ஒண்ணுமே தெரியலையே" என்று சோர்ந்துபோனால் இந்தச் சிலையைக் காட்டுங்கள். காதுக்குள்ளும் கண்ணைச் சுற்றியும் மஞ்சளைத் தீட்டியதும் படம் எழுந்து நிற்கும். மனித உடம்போடு வரையப்பட்ட அனுபிஸாக இருந்தால் தலை கருப்பு, கைகால்களுக்குச் செங்காவி அடிப்பது ஒரு வழக்கம். உடம்பும் கருப்பாகவே உள்ள படங்களும் உண்டு.

பொது விதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. ஆணுக்குச் செங்காவி, பெண்ணுக்கு மஞ்சள். சாதாரண மனிதர்களுக்கும் தெய்வங்களுக்கும் இதே மரபுதான். இது நிஜத் தோல்நிறத்தைக் காட்டும் முயற்சி இல்லை, ஓவிய மரபு. பெண் தெய்வங்களின் மஞ்சளுக்குக் கூடுதலாகப் பொன் என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. தெய்வங்களின் சதை பொன், எலும்பு வெள்ளி, கூந்தல் லாபிஸ் நீலம் என்பது அவர்கள் நம்பிக்கை. சூரியக் கடவுள் ரா முதுமையடைந்ததைச் சொல்லும் ஒரு புராணம் முதலாம் சேத்தியின் கல்லறைச் சுவரில் இருக்கிறது. அதில் ராவின் உடம்பை இந்த மூன்றையும் வைத்துத்தான் வர்ணிக்கிறார்கள். அதனால் தெய்வங்களின் தலைமுடிக்கு நீலம் அடித்தால் அது கற்பனை ஆகாது, மரபுதான்.

அந்தப் புராணத்திலேயே செக்மெட் கதை வருகிறது. மனிதர்கள் தனக்கு எதிராகச் சதி செய்வதை அறிந்த ரா, அவர்களைத் தண்டிக்கத் தன் கண்ணையே தேவியாக அனுப்புகிறார். அவள் பெண்சிங்கமாகப் பாய்ந்து கொன்று குவிக்கிறாள், நிறுத்தவே மாட்டேன் என்கிறாள். ராவுக்கே மனம் இளகிப்போகிறது. 7,000 ஜாடி பீரில் செங்காவியைக் கலந்து வயலெங்கும் ஊற்றச் சொல்கிறார். ரத்தம் என்று நினைத்து அவள் அத்தனையையும் குடித்து, மயங்கி, வந்த வேலையை மறந்து திரும்பிவிடுகிறாள். மனிதகுலம் தப்பிக்கிறது. எட்டு வயதுக் குழந்தைக்கு "சிவப்புச் சாறு" என்று மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். செக்மெட்டுக்குச் சிவப்பு உடை பொருத்தம். பாஸ்டெட்டும் ஆரம்பத்தில் பெண்சிங்கம்தான், போகப்போகச் சாந்தமாகிப் பூனையானவள். இருவரும் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்தால் ஒரே நாளில் அடிக்கச் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக இருக்கும்.

சிவப்பில் அபாயமும் உண்டு. பாலைவனம் சிவப்பு, பாலைவனத்துக்கும் புயலுக்கும் உரிய செத், அண்ணன் ஒசைரிஸைக் கொன்றவர், சிவப்புக்கு உரியவர். பாப்பிரஸ் என்ற கோரைத்தாள் சுருள்களில் தலைப்புகளையும் குறிப்புகளையும் சிவப்பு மையில் எழுதினார்கள். ஆனால் அந்தச் சிவப்பு வரிக்குள் ஒரு கடவுளின் பெயர் வந்தால், பல இடங்களில் எழுத்தர் மையை மாற்றி அந்தப் பெயரை மட்டும் கருப்பில் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லுக்காகத் தண்டை மாற்றும் அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும். செத்தின் தலை என்ன விலங்கு என்று இன்றுவரை யாரும் அடையாளம் காணவில்லை. வளைந்த மூக்கு, நுனி சதுரமாக வெட்டியதுபோன்ற காதுகள். குழந்தை "இது கழுதையா, எறும்புதின்னியா?" என்று கேட்டால், பெரியவர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஹோரஸ் பக்கத்தில் வல்லூறுத் தலையைவிடக் கிரீடத்தில்தான் தப்பு நடக்கும். அது இரண்டு கிரீடங்கள் சேர்ந்தது. உள்ளே புட்டிபோல் உயர்ந்திருப்பது தெற்கு எகிப்தின் வெள்ளைக் கிரீடம். வெளியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் நீட்டியிருப்பது வடக்கு எகிப்தின் சிவப்புக் கிரீடம். இரண்டு நாடும் ஒரே ஆட்சியில் என்று அர்த்தம். பல புத்தகங்களில் அட்டையிலேயே முழுக்கிரீடத்துக்கும் பொன் நிறம் கொடுத்துவிடுகிறார்கள். வல்லூறுத் தலையில் கிரீடத்துக்குப் பதில் நாகம் சுற்றிய வட்டம் இருந்தால் அவர் ரா-ஹோராக்தி. அந்த வட்டம் சூரியன், அதற்குச் சிவப்பு. நம் குழந்தைகள் கை மஞ்சளுக்குத்தான் போகும். எகிப்தியர் கை பெரும்பாலும் சிவப்புக்குப் போயிருக்கிறது.

தோத்தின் தலை ஐபிஸ் என்ற பறவை. அதன் நெருங்கிய உறவினர் நம் வேடந்தாங்கலுக்கு வரும் வெள்ளை அரிவாள் மூக்கன். உடம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் மயிரில்லாத கருப்பு, அரிவாள்போல் வளைந்த அலகு. சீசனில் ஒரு நாள் அழைத்துப்போய்க் காட்டினால், எழுத்துக்கும் கணக்குக்கும் உரிய கடவுளுக்கு ஏன் அந்த மூக்கு என்று அவளுக்கே ஒரு யோசனை வரும். சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவித் துழாவித் தேடும் பறவை அது.

இசிஸையும் ஹத்தோரையும் பிரித்தறிவது மட்டும் உண்மையிலேயே கடினம். ஹத்தோருக்குப் பசுவின் கொம்புகள், நடுவில் சூரிய வட்டம். இசிஸுக்கு அவளுக்கே உரிய சின்னம் தலைமேல் ஒரு சிம்மாசனம், படிக்கட்டு மாதிரி தெரியும். ஆனால் பிற்காலத்தில் ஹத்தோரின் கொம்பும் வட்டமும் இசிஸுக்கும் வந்துவிட்டன. இரண்டாம் ராமேசஸின் மனைவி நெஃபெர்தாரியின் கல்லறையில் ராணியின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் இசிஸ் கொம்புதான் சூடியிருக்கிறாள். அந்த மாதிரி இடங்களில் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்தால்தான் தெரியும். கலரிங் புக்கில் அந்த எழுத்து இருக்காது, அல்லது தாறுமாறாக இருக்கும். கீழே அச்சிட்ட பெயரை நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நூத் பக்கம் இருந்தால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வானமே ஒரு பெண்ணாக வளைந்து நிற்கிறாள்; கைவிரல் ஒரு தொடுவானத்தில், கால்விரல் இன்னொரு தொடுவானத்தில். கீழே படுத்திருப்பவர் கெப், நிலம். நடுவில் இருவரையும் பிரித்து அவளைத் தூக்கிப் பிடித்திருப்பவர் ஷூ, காற்று. மாலையில் நூத் சூரியனை விழுங்குகிறாள், இரவு முழுக்க அவள் உடம்பு வழியாக அது நகர்கிறது, காலையில் பெற்றெடுக்கிறாள். ஆறாம் ராமேசஸின் கல்லறைக் கூரையில் இது முழுநீளத்துக்கு இருக்கிறது. இருண்ட பின்னணியில் மஞ்சள் மேனியோடு இரண்டு நூத்கள், முதுகோடு முதுகாக, ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. பின்னணிக்கு அடர்நீலமும் அதில் ஐந்து முனை மஞ்சள் நட்சத்திரங்களும் போடலாம். கல்லறைக் கூரைகளில் அப்படித்தான் போட்டார்கள்.

இப்போது எப்படி அடிப்பது என்பது. இதற்கு ஆதாரமாக எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இடம், அரசர்களின் பள்ளத்தாக்கில் உள்ள ஹோரெம்ஹெப் அரசரின் கல்லறை, 1908-ல் கண்டுபிடிக்கப்பட்டது. வேலை முடிவதற்குள் அரசர் இறந்துவிட்டார். சுவர்கள் பாதியில் நின்றுபோயின. அதனால் ஒரே கல்லறைக்குள் எல்லாக் கட்டங்களையும் பார்க்கலாம்: ஒரு இடத்தில் கட்டக் கோடுகளும் சிவப்பில் போட்ட முதல் வரைவும், அதன் மேல் மூத்த ஓவியர் கருப்பில் போட்ட திருத்தம், இன்னொரு இடத்தில் பாதி செதுக்கிய உருவம், வேறொரு அறையில் சாம்பல் கலந்த நீலப் பின்னணியில் முழு வண்ணத்தோடு முடிந்த தெய்வங்கள். திருத்தக் கோடுகளைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு தோள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும், ஒரு கால் நகர்ந்திருக்கும். வரைந்தவரும் திருத்தியவரும் வேறுவேறு ஆட்கள், நிறம் நிரப்புபவர் இன்னொருவர். வெறும் கோட்டோவியத்தை இன்னொருவர் கையில் கொடுத்து நிறம் நிரப்பச் சொல்வது 3,300 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே நடந்த வேலை.

அவர்கள் முறைப்படி அடிக்க வேண்டுமானால், நிழல் காட்டக் கூடாது. ஒரு பகுதிக்கு ஒரே நிறம், ஒரே அழுத்தத்தில், தட்டையாக. எல்லாம் முடிந்தபிறகு கடைசியாக அவுட்லைனை மறுபடி அடர்நிறத்தில் போட வேண்டும். அந்தக் கடைசிக் கோடுதான் படத்துக்கு உயிர். நெஃபெர்தாரி கல்லறையில் ராணியின் கன்னத்தில் லேசான சிவப்பு நிழல் இருக்கிறது, அது அபூர்வமான விதிவிலக்கு. அவள் தானே வரைய ஆசைப்பட்டால் கட்டம் போட்டுக் கொடுங்கள்: உள்ளங்காலிலிருந்து நெற்றிமயிர் தொடங்கும் இடம்வரை 18 கட்டங்கள். நிற்கும் உருவத்துக்கு அவர்கள் பல நூற்றாண்டுகள் பயன்படுத்திய அளவு அது. கணக்கு நோட்டின் கட்டத் தாளே போதும்.

எல்லாப் பக்கத்தையும் இந்த மரபுப்படிதான் அடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் புத்தகம் வீட்டுப்பாடமாகிவிடும். பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று எகிப்தியர் அடித்தபடி, இன்னொன்று அவள் விருப்பப்படி. ரோஸ் கலர் சோபெக் முதலையும் இருக்கட்டும்.

அடுத்து ஒரு புத்தகம் வாங்குவதாக இருந்தால் உருவங்களின் கால்களைப் பாருங்கள். எகிப்திய ஓவியத்தில் பெரும்பாலும் இரண்டு பாதங்களுமே உட்பக்கமாகத்தான் தெரியும், இரண்டிலும் கட்டைவிரல்தான் முன்னால். தலை பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, தோள்கள் நேராக, இடுப்புக்குக் கீழே மறுபடி பக்கவாட்டில். வரைந்தவருக்கு இது தெரிந்திருந்தால் மற்றதையும் ஒழுங்காகச் செய்திருப்பார். அனுபிஸுக்குச் சிறகு, இசிஸுக்கு வாள், ஜிம் உடம்போடு ஒசைரிஸ் என்று இருந்தால் அது வீடியோ கேமைப் பார்த்து வரைந்தது, தவிர்ப்பது நல்லது. தவேரெத், பெஸ் இருவரும் இருக்கும் புத்தகம் என்றால் எனக்குக் கூடுதல் மதிப்பு. நீர்யானை உடம்பும் சிங்கக் கால்களும் முதுகில் முதலையுமாக நிற்கும் தவேரெத் பிரசவத்துக்குத் துணை. நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் குள்ள உருவமான பெஸ் தூங்கும் குழந்தைகளுக்குக் காவல், கட்டிலிலும் தலைதாங்கியிலும் செதுக்கி வைத்திருப்பார்கள். பெரிய கோயில் தெய்வங்களைவிட வீட்டுக்குள் புழங்கிய தெய்வங்கள் இவர்கள். குழந்தைகள் புத்தகத்தில் பல சமயம் இவர்களைத்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

பயம் பற்றிக் கேட்டீர்கள். ஒசைரிஸ் கொலையை "தம்பி செத் ஏமாற்றிப் பெட்டியில் அடைத்து ஆற்றில் விட்டான், இசிஸ் தேடிக் கண்டுபிடித்தாள்" என்ற அளவில் சொல்லலாம். உடலைத் துண்டாக்கியதை இப்போதைக்கு விட்டுவிடலாம், கதை குறையாது. இதயத்தை நிறுக்கும் காட்சி பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறு தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் உரிய மாஅத் தேவியின் இறகு. அனுபிஸ் தராசைச் சரிபார்க்கிறார், தோத் முடிவை எழுதுகிறார். பக்கத்தில் அம்மித் காத்திருக்கிறாள்: முதலைத் தலை, முன்பாதி சிங்கம், பின்பாதி நீர்யானை. எகிப்தியருக்குத் தெரிந்த மூன்று ஆபத்தான விலங்குகளின் கூட்டு. தப்பு செய்தவரின் இதயத்தை அவள் விழுங்கிவிடுவாள். ஆனால் இந்தக் காட்சி வரும் பாப்பிரஸ்களில் அம்மித் யாரையும் தின்பதாகக் காட்டுவதில்லை, காத்துக்கொண்டேதான் இருப்பாள். காரணம் எளிது. அந்தச் சுருள்கள் இறந்தவர் நல்லபடியாகக் கரைசேர வேண்டும் என்று குடும்பத்தார் காசு கொடுத்து வாங்கியவை. சில சுருள்களை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்து விற்றிருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஹுனெஃபர் என்பவரின் சுருளில் அவர் தேர்ச்சி பெற்று ஹோரஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஒசைரிஸ் முன் போகிறார். இதைச் சொன்னால் குழந்தைக்குப் பயம் போய்விடும். அம்மித்துக்கு முதலைப் பச்சை, சிங்க மஞ்சள், நீர்யானைச் சாம்பல் என்று மூன்று நிறம் அடிக்கக் கிடைத்த சந்தோஷம்தான் மிஞ்சும்.

மாதிரிக்குப் படம் தேடும்போது போனில் முதலில் வரும் படங்களை விட்டுவிடுங்கள். அவற்றில் பல கணினி உருவாக்கியவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீனா டேவிஸ் என்ற ஓவியர் தன் கணவர் நார்மனோடு லக்சர் பக்கம் பல ஆண்டுகள் தங்கி, கல்லறை ஓவியங்களை நிறம் மாறாமல் நகலெடுத்தார். அந்த நகல்கள் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூலத்தில் உதிர்ந்துபோன இடத்தைக்கூட உதிர்ந்தபடியே வரைந்திருப்பார். வாட்டர்கலர் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது, சுவர் ஓவியத்தின் கனம் அதில் வராது என்பதால் அவர் டெம்பெரா என்ற ஒளிபுகாத வண்ணத்தைப் பயன்படுத்தினார். நம் கடைகளில் அதற்கு நெருக்கமாகக் கிடைப்பது போஸ்டர் கலர். கலரிங் புக் தாள் மெல்லிசாக இருந்தால் ஊறி மறுபக்கம் இறங்கிவிடும், அதனால் ஜெராக்ஸைக் கெட்டியான தாளில் எடுக்கச் சொல்லுங்கள். அவுட்லைனுக்கு மட்டும் மெல்லிய கருப்பு ஸ்கெட்ச், அதுவும் வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு.